மறுபக்கமும் அப்படியே

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
மர்சூக் நானாவின் பிரேம் கடை.
சாரல் உள்ளே அடிக்காமல்
ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தோம்.
மடு மாதா, கதிர்காமக் கந்தன், மக்கா,
செத்துப்போன சுப்பவைசர் ஒருவர்,
எல்லோரும் கண்ணாடிக்குக் காத்திருந்த வரிசையில்
இருபத்துநாலு ஆபிரிக்க வண்ணத்துப்பூச்சிகள்
வந்து சேர்ந்தன.

கொண்டுவந்தவர் நாணயக்கார மாத்தயா.
தொரை பங்களாவை ஹோட்டலாக்குகிறார்.
தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் சுற்றி
மேல்மாடி அலமாரியில் கிடந்ததாம்.
யாரோ ஒரு தொரையின் தங்கை
இங்கே வருமுன் அங்கே இருந்து தீட்டியது.
மூலையில் பென்சிலில்: தைத்தா மலை, 1912.

"சுவருக்கு நல்லாயிருக்கும்.
ஆனா ஒரு பக்கம்தான் முடிச்சிருக்கா, பாருங்க."

ஆமாம்.
இடது சிறகில் நரம்பு நரம்பாக நிறம்.
செதில் உதிர்ந்த இடத்தில்
தாளையே வெறுமையாக விட்டிருந்தாள்.
வலது சிறகு வெறும் கோடு.
அதற்குள் எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு.
நானா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தார்:
மறுபக்கமும் அப்படியே.

"ஜெசிந்தாவுக்குக் கலர் தெரியுமே. நிரப்பட்டும்.
படத்துக்கு ஐநூறு."

எனக்குக் கலர் தெரியும்.
செத்தவர்களின் உதட்டுக்குச் சிவப்பு வைப்பவள் நான்.
அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து
வாழ்நாளில் கோட் போடாதவருக்குக்
கோட்டும் டையும் மாட்டிவிட்டிருக்கிறேன்.

கழிவு அட்டையில் இரண்டு நாள் பழகினேன்.
தண்ணீர் முன்னால் போகவேண்டும்,
நிறம் அதன் பின்னால் தயங்கி வரவேண்டும்.
வந்தது.

பதினொன்றாவது பூச்சியை எனக்குத் தெரியும்.
செம்மஞ்சள். நுனியில் கறுப்பு,
கறுப்புக்குள் வெள்ளைப் பட்டை.
மல்லியப்புச் சந்தியில்
ஆட்டோக்களுக்கு மேலால் அவசரமில்லாமல் போகும்.
பாஸ்போர்ட் எடுக்காமலே
இரண்டு ஊரிலும் குடியிருக்கிறது.

அதன் இடது கீழ்ச்சிறகில் ஒரு விள்ளல்.
குருவி கொத்தியது.
அந்தக் கிழிசலுக்கும் நிழல் போட்டிருந்தாள்.

தூரிகையை நனைத்தவள் நிறுத்தினேன்.

அப்படியே என்றால்
வலப்பக்கமும் கிழிந்திருந்ததா?
சிறகை மூடி உட்கார்ந்திருந்தால்
ஒரே கொத்தில் இரண்டும் போயிருக்கும்.
விரித்திருந்தால் ஒன்று மட்டும்.
கொத்திய நேரத்தில் அது எப்படி இருந்தது?
நான் எதைத் தீட்டினாலும்
குருவிக்கும் சேர்த்துப் பொய் சொல்வேன்.

தாளைத் திருப்பினேன். பின்னால்:
பையன் கொண்டுவந்தது. கிழிசல். பத்துச் சதம்.

மற்றதையும் திருப்பினேன்.
பையன் கொண்டுவந்தது. கால் ரூபாய்.
பையன் கொண்டுவந்தது. கால் ரூபாய்.
இருபத்துநாலு பூச்சிக்கும் லத்தீனில் பெயர் இருந்தது.

"அங்கேயும் ரூபாயா நானா?"
"வெள்ளைக்காரன் போன எடமெல்லாம்
ரூபாயும் போயிருக்கு புள்ள, நம்ம ஆளும் போயிருக்கு."

பதினைந்து சதம்.
குருவி கொத்தியதற்குப் பையனிடம் பிடித்தது.
அம்மாவின் கொழுந்தில் ஈரம் என்று
தராசடியில் இரண்டு கிலோ கழிப்பார்கள்.
மழையை அவளா பெய்யச் சொன்னாள்?

நாணயக்கார வந்தபோது
தாள் பழசு, தண்ணி தாங்காது என்றேன்.
பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பொய்.
நானா பசை வாளியைக் கிண்டிக்கொண்டிருந்தார்,
நிமிரவில்லை.

ஓரத்து எழுத்தை மறைக்கச் சொல்லியிருந்தார்.
மறைத்தேன்.
பென்சில் சிறகு முழுதாகத் தெரிய
அட்டையை அரை அங்குலம் தாராளமாக வெட்டினேன்.
பின்பக்கம் எல்லாவற்றுக்கும் பிரவுன் தாள்.
பதினொன்றாவதில் மட்டும்
தீப்பெட்டி அளவுக்கு ஒரு சன்னல் விட்டேன்.

விருந்தாளி யாரும் படத்தைத் திருப்பமாட்டார்.
தூசு தட்டுகிறவள் கழற்றினால் பார்ப்பாள்.
அவளும் பார்க்காமல் போகலாம்.

மாத்தயா எண்ணிப் பார்த்தார். சரி.
சுணங்கியதற்கு முந்நூறு கழித்துக்கொண்டார்.

வேன் போன பிறகு சுப்பவைசரை எடுத்தேன்.
உதட்டுக்குச் சிவப்புக் கேட்டிருந்தார்கள்.